ஐம்பதும் ஐம்பதும் 5050



போன தடவை இந்தச் சுவர் இதழில் எல்லோரும் சுற்றுலா போனது, பழனிக்குப் பாதயாத்திரை போனது பற்றி எழுதியிருந்தீர்கள். நான் எங்கேயும் போகவில்லை. எங்க வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஒரு வெப் சர்வர் செய்தேன். அதில் நான் பட்ட அவமானத்தையும், கற்றுக்கொண்ட பாடத்தையும்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்துத் தாளுக்குத் தாவிவிடாதீர்கள். இது உண்மையில் எங்க அம்மாவின் கதை.

ஒன்று முதல் நூறு வரை கூட்டினால் 5050 வரும் என்று கணக்கு வகுப்பில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எங்க வீட்டில் அவ்வளவு தூரம் போகவே இல்லை. ஐம்பதையும் ஐம்பதையும் கூட்டினதுக்கே 5050 வந்துவிட்டது! எப்படி என்று கேளுங்கள்.

அம்மாவின் நோட்டு

எங்க அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். நம் தொப்பம்பட்டிப் பக்கம் தெருவுக்குத் தெரு குழு இருப்பது உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கின. பிறகு எல்லா மாவட்டத்துக்கும் பரவின. எங்க அம்மாவின் குழுவில் 14 பேர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்க வாசலில் கூடுவார்கள். ஆளுக்கு வாரம் 50 ரூபாய் சேமிப்பு. அதிலிருந்து உள்கடன் கொடுப்பார்கள், வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். கடன் தவணை மாதம் ஒரு முறை. எல்லாக் கணக்கும் அம்மாவின் நீளநோட்டில் இருக்கும்.

போன வருஷம் ஆடி மாதம் கணக்குப் பார்த்தபோது நோட்டில் இருப்பதை விடப் பெட்டியில் 1,000 ரூபாய் குறைந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தார்கள். கூட்டல் சரி. பணம்தான் இல்லை. யாரும் அம்மாவைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் "பரவாயில்ல விடுக்கா" என்றும் சொல்லவில்லை. அந்த அமைதி இருக்கிறதே, அது ரொம்ப மோசம். மறுநாள் முருங்கைக்காய் விற்று வந்த காசில் அம்மா அந்த ஆயிரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து நோட்டை எடுக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், 14 பேரும் அவரவர் போனிலேயே தங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாமே!

எங்க அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வாங்கியது. பேட்டரி செத்துவிட்டது. சார்ஜர் போட்டால் மட்டும் ஓடும். கோயம்புத்தூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்க பெரியம்மா மகன் அண்ணன், பொங்கலுக்கு வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

முதல் முயற்சி

சர்வர் என்றால் என்னவோ குளுகுளு அறையில் இருக்கும் பெரிய பெட்டி என்று நினைக்காதீர்கள். யாராவது கேட்டால் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி. நாம் கார்டை நீட்டுகிறோம், உள்ளே இருப்பவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். உலகின் முதல் வெப் சர்வர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரின் மேஜைமேல் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாராம். நானும் எங்க மடிக்கணினிமேல் "இது சர்வர், சார்ஜரைப் பிடுங்காதே" என்று சிவப்பு ஸ்கெட்சில் எழுதி ஒட்டினேன். (எங்க தம்பி அப்படியும் பிடுங்கினான். அது தனிக் கதை.)

நான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். பிரௌசருக்கு உள்ளேயே ஓடிக்கொண்டிருந்த அந்த மொழியை வெளியே கொண்டுவந்து சர்வர் எழுத உதவுவது நோட் ஜேஎஸ். 2009-இல் ரயன் டால் என்பவர் உருவாக்கியது. ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். பெயரைத் தேர்ந்தெடுத்து, தொகையை டைப் செய்து, பட்டனை அழுத்தினால் சேமிப்பு ஏறும். அம்மாவின் போன் ஹாட்ஸ்பாட்டில் மற்றவர்கள் போனை இணைத்தால் அவர்களும் பார்க்கலாம். முதல் வாரம் எல்லோருக்கும் 50, 50 என்று அழகாக வந்தது. பெருமையில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாவது வாரம். எல்லோர் பணத்தையும் ஏற்றினேன். குழுவிலேயே வயதான பாட்டி ஒருவர், பேரனின் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனம்மிணி, எனக்கு ஐயாயிரத்து அம்பது ரூவாயா இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தால் 14 பேருக்கும் 5050! ஒருவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "நோட்டுலயாச்சும் என்ன எழுதியிருக்குதுன்னு கண்ணுல தெரியும். இந்தப் பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியுமுங்க?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் நீளநோட்டை எடுத்துவந்து விரித்தார். நான் மடிக்கணினியை மூடினேன். அந்த ராத்திரி சாப்பிடவே இல்லை.

ஏன் 5050?

மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பிறகு சொல்லிக் கொடுத்தார்.

போனில் பெட்டிக்குள் நாம் டைப் செய்வது சர்வருக்கு எண்ணாக வருவதில்லை, எழுத்தாக வருகிறது. "5" என்ற எழுத்து, "0" என்ற எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணோடு எண்ணைக் கூட்டல் குறி போட்டால் கூட்டும். எழுத்தோடு போட்டால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும். "50" பக்கத்தில் "50" ஒட்டினால் 5050! இதில் இன்னொரு வேடிக்கை. கழித்தல் குறி போட்டால் மட்டும் எழுத்தையும் எண்ணாக மாற்றிச் சரியாகக் கழித்துவிடும். அதனால்தான் கடன் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது, சேமிப்பில் மட்டும் கூத்து நடந்தது. பாதி சரியாக இருப்பதுதான் ஆளை ஏமாற்றுவது.

பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்தபோது ஒவ்வொரு மாறிக்கும் முன்னால் இன்ட், சார் என்று வகை எழுதச் சொன்னார்களே, "இது எதுக்கு வீணா?" என்று நாம் சலித்துக்கொண்டோமே, அதற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. நம்ம திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. அதற்கென்று செய்த சாவியைப் போட்டால்தான் திறக்கும். வகை என்பது அப்படி ஒரு பூட்டு. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் திறக்காது.

ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்தப் பூட்டைப் போடுவதுதான் டைப்ஸ்கிரிப்ட். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. தப்பான வகையைக் கொடுத்தால் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, எழுதும்போதே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்.

"பாப்பா, நீ வெறும் தரையில இருந்து ஆரம்பிக்காத. டைப்ஸ்கிரிப்டும் டெஸ்டும் ஏற்கெனவே போட்டு வச்ச ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட் இருக்கு. அதை எடுத்து ஆரம்பி" என்றார் அண்ணன்.

குழித்தட்டு நாற்று

டெம்ப்ளேட் என்றால் என்ன? நம் ஊரில் தக்காளி போடுகிறவர்கள் இப்போது விதையிலிருந்தா ஆரம்பிக்கிறார்கள்? நாற்றுப் பண்ணையில் குழித்தட்டில் வளர்த்த நாற்றை வாங்கிவந்து நடுகிறார்கள். முளைக்குமா முளைக்காதா என்ற கவலை இல்லை. டெம்ப்ளேட்டும் அப்படித்தான். யாரோ அனுபவசாலிகள் தயார் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் இவையெல்லாம் இருந்தன:

1. பேக்கேஜ் கோப்பு. என்னென்ன துணைப் பொருள் வேண்டும், எந்தக் கட்டளைக்கு என்ன செய்யவேண்டும் என்ற பட்டியல். கல்யாண மளிகை லிஸ்ட் மாதிரி.

2. லாக் கோப்பு. அந்தத் துணைப் பொருள்களில் சரியாக எந்தப் பதிப்பு என்று பூட்டி வைப்பது. நாளைக்கு வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் அதே பதிப்புதான் வரும்.

3. டைப்ஸ்கிரிப்ட் அமைப்புக் கோப்பு. அதில் 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு வரி. கண்டிப்பான ஹெச்.எம். மாதிரி.

4. 'சோர்ஸ்' என்ற அறை. நாம் எழுதுவது இதற்குள். எக்ஸ்பிரஸ் என்ற கருவியில் ஒரு குட்டி சர்வர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

5. 'டெஸ்ட்' என்ற அறை. எழுதியது சரியா என்று சோதிக்கும் புரோகிராம்கள் இதற்குள். சோதிக்கும் கருவியின் பெயர் ஜெஸ்ட்.

மொட்டை மாடியில்தான் எங்களுக்கு டவர் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' என்று கட்டளை கொடுத்தேன். நாலு வரி சர்வருக்கு எத்தனை நூறு துணைப் பொருள் இறங்குகிறது என்று பார்த்தால் மயக்கமே வரும். அன்றைய டேட்டா முழுவதும் காலி.

* உங்களுக்குத் தெரியுமா? *
2016 மார்ச் மாதம் 'லெஃப்ட்-பேட்' என்ற, வெறும் 11 வரி உள்ள ஒரு துணைப் பொருளை எழுதியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதை நம்பியிருந்த உலகின் பல பெரிய புரோகிராம்களைப் புதிதாக நிறுவ முடியாமல் போனது. ஒரு சின்ன ஆணி இல்லாமல் வண்டியே நின்ற கதை!
* * *

எல்லாம் இறங்கியதும் 'என்பிஎம் டெஸ்ட்' என்று கொடுத்தேன். பச்சை நிறத்தில் "பாஸ்" என்று வந்தது! நானே பரீட்சையில் பாஸான மாதிரி குதித்தேன். பிறகு பழைய கணக்குப் புரோகிராமை இதற்குள் மாற்றி எழுதினேன். அங்கங்கே சிவப்புக் கோடு வந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கடைசியில் ஒரு சிவப்புக் கோடு கூட இல்லை. டெஸ்டும் பச்சை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 50 போட்டேன். மறுபடி 50 போட்டேன்.

5050!

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பச்சை பொய் சொன்னதா?

நண்பர்களே, இந்த இடத்தைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்கவேண்டும். டெம்ப்ளேட் இருந்தது, வகை இருந்தது, டெஸ்ட் இருந்தது, எல்லாமே பச்சை. ஆனாலும் அதே தப்பு. எப்படி?

காரணம் 1: டெம்ப்ளேட்டோடு வந்த டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். "சர்வர் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்கும். இருந்தால் 200 என்று பதில் வரும். வெப் மொழியில் 200 என்றால் 'எல்லாம் சரி', 404 என்றால் 'அப்படி ஒரு பக்கமே இல்லை'. சர்வர் உயிரோடுதான் இருந்தது, அதனால் பச்சை. ஐம்பதும் ஐம்பதும் நூறா என்று அந்த டெஸ்ட் கேட்கவே இல்லை. எழுதியவருக்கு எங்க குழுவைப் பற்றி என்ன தெரியும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

காரணம் 2: டைப்ஸ்கிரிப்ட் காவல் காப்பது நாம் எழுதும் நேரத்தில் மட்டும்தான். ஓடும் நேரத்தில் அந்த வகைக் குறிப்புகள் எல்லாம் உரித்து எடுக்கப்பட்டு, மிச்சம் இருப்பது பழைய ஜாவாஸ்கிரிப்ட்தான். போனிலிருந்து வரும் பொட்டலத்துக்கு எக்ஸ்பிரஸில் 'எனி' என்று வகை கொடுத்திருந்தார்கள். 'எனி' என்றால் 'எதுவா இருந்தாலும் சரி' என்று அர்த்தம். வீட்டுக்குள் எல்லா அறைக்கும் திண்டுக்கல் பூட்டு போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன்!

பெரிய விஞ்ஞானிகளுக்கே இது நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பி, சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. 64 பிட் அளவுள்ள ஒரு தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணிக்கப் பார்த்தது அதன் புரோகிராம். இடம் போதவில்லை. அந்தப் புரோகிராம் ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதியது. அதில் நன்றாகத்தான் வேலை செய்தது. புது ராக்கெட்டின் வேகம் அதிகம். புது ராக்கெட் போகும் பாதையை வைத்து அதைச் சோதிக்காமல் விட்டதாகப் பிறகு விசாரணையில் தெரிந்தது. அடுத்தவருக்குச் சரியாக இருந்தது நமக்கும் சரியாக இருக்கும் என்று நம்பினால் இதுதான் கதி.

பாட்டிமார் எழுதிய டெஸ்ட்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மடிக்கணினியைத் திறக்கவில்லை. ஒரு ரஃப் நோட்டோடு வாசலில் உட்கார்ந்தேன். "பெட்டியை அப்புறம் பார்த்துக்கலாங்க. இத்தனை வருஷத்துல கணக்கு நோட்டுல என்னென்ன தப்பு பார்த்திருக்கீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம். ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"ஒரே பேருல ரெண்டு பேரு இருக்கறமே, இனிஷியலும் ஒண்ணு. என் காசு அவ பேருல ஏறிருச்சு."

"வராதவளுக்கும் வந்த மாதிரி எழுதிட்டாங்க."

"ஐநூறுன்னு சொன்னா அம்பதுன்னு காதுல விழுந்துருது."

"வட்டியில சில்லறையை விட்டுர்றாங்க. வருசத்துக்குச் சேர்த்தா அது ஒரு காசு."

கடைசியில் அம்மா மெல்லச் சொன்னார்: "தவணை மாசத்துக்கு ஒண்ணுதான். ஒரே ஆளுக்கு ஒரே மாசத்துல ரெண்டு தவணை விழுந்தா நிறுத்திக் கேக்கணும்."

மொத்தம் 11 தப்புகள். அந்தப் பதினொன்றையும் பதினொரு டெஸ்டாக எழுதினேன். டெஸ்ட் எழுதுவது கஷ்டமே இல்லை. "50 இருக்கிறது, 50 வருகிறது, விடை 100 ஆக இருக்கவேண்டும்" என்று எழுதுவதுதான். "14 பேர் ஆளுக்கு 50 போட்டால் பெட்டியில் 700 ஏறவேண்டும்" என்று இன்னொன்று. முதலில் எல்லாம் சிவப்பு. ஒவ்வொன்றாகப் பச்சையாக்கினேன். அந்தப் பத்து நாளும் சாயங்காலம் எனக்கு டிவியே கிடையாது.

வாசல் கதவுக்கு முதலில் பூட்டு போட்டேன். 'எனி' என்பதை எடுத்துவிட்டு 'அன்னோன்' என்று மாற்றினேன். 'யாரென்று தெரியாதவர்' என்று அர்த்தம். அப்படி மாற்றியதும் டைப்ஸ்கிரிப்ட், "விசாரிக்காமல் உள்ளே விடமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தது. எழுத்தை எண்ணாக மாற்றி, முழு எண்ணா, பூஜ்யத்துக்கு மேலா என்று பார்த்து, இல்லையென்றால் 400 என்று திருப்பி அனுப்ப வைத்தேன். 400 என்றால் 'நீ கேட்டதே தப்பு'.

இதிலும் ஒரு பள்ளம். பெட்டியை வெறுமையாக விட்டு பட்டனை அழுத்தினால், அந்த வெறுமையை ஜாவாஸ்கிரிப்ட் 0 என்று மாற்றிக்கொள்கிறது! "வராதவளுக்கும் வந்த மாதிரி" என்றார்களே, அந்த டெஸ்ட்தான் இதைப் பிடித்துக் கொடுத்தது. வட்டிச் சில்லறைக்கும் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராமல் 0.30000000000000004 என்று வரும். அதனால் ரூபாயை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்தேன். 50 ரூபாய் என்றால் 5000 பைசா.

நம்ம ஊர்ப் பெயரே தகராறு செய்தது தெரியுமா? பக்கத்தின் தலைப்புக்கு 10 எழுத்து என்று அளவு வைத்திருந்தேன். 'தொப்பம்பட்டி' ஏழு எழுத்துதானே, போதும் என்று நினைத்தேன். ஆனால் திரையில் 'தொப்பம்பட்' என்று வந்து நின்றது! யூனிகோடில் தமிழ் எழுத்து எல்லாமே ஒரே குறியாக இருப்பதில்லை. அகர உயிர்மெய்க்கு ஒன்று, அதோடு கொம்போ புள்ளியோ வந்தால் அதற்கு ஒன்று. எண்ணிப் பார்த்தால் தொப்பம்பட்டி 12 குறி. 'தொ'வில் உள்ள கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பதிந்தால் 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஊர்! தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணுவதற்கு பைத்தானில் 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நூலகம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு வழி இருக்கிறது. அண்ணன் காட்டிய டெம்ப்ளேட்டில் இதற்கெல்லாம் டெஸ்ட் இல்லை. தமிழில் வேலை செய்கிற நாம்தானே அதை எழுதவேண்டும்?

ஆயிரம் ரூபாய்

எல்லாம் பச்சையானதும் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "நாலு வாரம் நோட்டும் எழுதுவேன், பொட்டியிலயும் போடு. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் நம்புவேன்." அப்படியே செய்தோம். மூன்றாவது வாரம் 50 ரூபாய் இடித்தது. நோட்டில்தான் தப்பு என்று நான் அடித்துச் சொன்னேன். இல்லை, தப்பு என்னுடையது. தம்பி சார்ஜரைப் பிடுங்கிய நேரத்தில் ஏற்றிய ஒரு தொகை கோப்பில் பதியாமல் போயிருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டாவது டெஸ்ட் எழுதினேன்.

முழுஆண்டு விடுமுறையில் பழைய நோட்டையும் ஏற்ற ஆரம்பித்தேன். போன வருஷத்து வைகாசி மாதப் பக்கம் வந்தபோது சர்வர் நின்றது. "இந்த மாதம் இவருக்கு ஏற்கெனவே ஒரு தவணை இருக்கிறது. சரிதானா?" என்று கேட்டது. பார்த்தேன். ஒரே ஆளுக்கு 1,000 ரூபாய் தவணை, இந்த வாரமும், அடுத்த வாரமும். இரண்டும் அம்மாவின் கையெழுத்தே. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. எழுதியதே இரண்டு தரம்! அதனால்தான் எத்தனை முறை கூட்டினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஆள் வேறு யாருமில்லை. என் 5050-ஐப் பார்த்துக் கேட்ட அதே பாட்டி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல எனக்கு நடுக்கமாக இருந்தது. பாட்டிக்கு ஆயிரம் கடன் கூடுமே! ஆனால் பாட்டி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்த மாசம் நான் ஒருக்காத்தான் கட்டுனேன். எனக்கு நல்லா ஞாபகமிருக்குது. கட்டாததைக் கட்டுனதா வச்சுக்கிட்டா திங்கற சோறு செரிக்குமா சாமி?" என்றார். மாதம் 200 வீதம் ஐந்து மாதத்தில் கட்டுவதாக ஒத்துக்கொண்டார். அம்மா வைத்த ஆயிரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். "பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்" என்று கேட்டவரே எழுந்துவந்து கொடுத்தார். அம்மா வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, நீளநோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா என் தட்டில் இன்னொரு தோசை வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு என்னோடதுதான். ஆனா அது தப்புத்தான்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது." அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நீங்களும் செய்ய விரும்பினால்

1. வெறும் தரையில் ஆரம்பிக்கவேண்டாம். வகையும் டெஸ்டும் உள்ள ஒரு டெம்ப்ளேட்டை எடுங்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்து படித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

2. அதோடு வந்த பச்சையைப் பார்த்துக் குதிக்காதீர்கள். அது உங்கள் பச்சை அல்ல.

3. வெளியிலிருந்து வருவதை வாசலிலேயே விசாரியுங்கள்.

4. டெஸ்டில் எதைச் சோதிக்கலாம் என்று கம்ப்யூட்டரைக் கேட்காதீர்கள். அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கேளுங்கள்.

5. தினமும் ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அடுத்தவர் பணக்கணக்கை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிடாதீர்கள். எங்க சர்வர் எங்க வாசலோடு சரி.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அளப்பது என்றால் ஆளைச் சந்தேகப்படுவது என்று முன்பு நினைத்திருந்தேன். எங்க அம்மாவை யாரும் சந்தேகப்படாமல் இருக்கத்தான் அளவு வேண்டும் என்று இப்போது புரிகிறது.

பின்குறிப்பு: அம்மா இன்னும் நீளநோட்டை விடவில்லை. கரண்ட் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் டெஸ்ட் இல்லை!



இப்படிக்கு,
12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி